இலுப்பெண்ணெய்ச் சவுக்காரம்

படுத்தே கிடப்பவனுக்கு வாய் மட்டும்தான் ஓடும் என்று என் மனைவி உண்ணாமலை சொல்வாள். பொய் இல்லை. அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் காளவாயில் நான் மேஸ்திரியாக இருந்தேன். முப்பது ஆளை விரட்டி வேலை வாங்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதத்தில் கல் ஏற்றி வந்த வண்டி குடைசாய்ந்து என் மேல் விழுந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. மூத்திரம்கூடக் கேட்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப் போவதே துணி துவைப்பதைப் பற்றி. அந்தத் துணி என் துணிதான்.

என் கட்டிலைப் பின்தாழ்வாரத்தில் போட்டிருந்தாள். கிணறும் துவைகல்லும் அங்கிருந்து பத்தடி தூரம். காற்று வரும், வாடை வீட்டுக்குள் தங்காது, துணியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே போட்டாள். அதனால் அவள் துவைப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை எனக்குக் கீழே விரித்த துணியை மாற்ற வேண்டும். உலகச் சண்டை தொடங்கி நாலாவது வருஷம் அது. துணி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அதனால் அவள் சேலைகளைத்தான் கிழித்துக்கொண்டு வந்தோம். ஐந்து சேலை இருந்தது இரண்டாகிவிட்டது.

முதலில் வெளுக்க எடுத்துப் போனவர் வெள்ளைச்சாமி. நல்ல மனிதர். மூன்று மாதம் முகம் சுளிக்காமல் எடுத்துப் போனார். பிறகு மற்ற வீட்டுக்காரர்கள், எங்கள் துணியையும் இதையும் ஒரே வெள்ளாவியிலா வைக்கிறாய் என்று அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார்கள். அவர் வந்து வாசலில் நின்று, தன் பிழைப்பு கெட்டுவிடும் என்று உண்ணாமலையிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போனார். அவர் மேல் எங்களுக்கு வருத்தமே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கைதான். துணிக்குத் தேய்க்கிற சவுக்காரம் கடையில் கண்ணில் படுவதே அபூர்வம். பட்டாலும் அது ஆபீசர் வீடுகளுக்குப் போய்விடும். அடுப்புச் சாம்பலைப் பானையில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை ஊறப்போட்டு, கல்லில் அடித்து, மூன்று தண்ணீர் அலசிக் காயப்போடுவாள். அப்படியும் வாடை முழுதாகப் போகாது. சாம்பல் தண்ணீர் அவள் விரல் இடுக்குகளை அறுத்திருந்தது. சோறு பிசையும்போது உப்புப் பட்டால் கையை உதறுவாள். ஒரு நாள் உட்கார்ந்து துவைத்தவள் எழுந்திருக்க முடியாமல் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். முப்பத்தாறு வயதுதான் அவளுக்கு.

புரட்டாசி பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்னால் அவள் அண்ணன் அய்யாக்கண்ணு திருமானூரிலிருந்து வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் பாதி தூரமும், அது மூச்சுவிட்டு நின்றுபோனதால் மீதி தூரம் நடந்தும் வந்திருந்தார். கொள்ளிடத்துப் பாசனத்தில் நெல் விளைவிக்கிறவர், வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. சாப்பிட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து தங்கையோடு பேசினார். நான் தூங்குவதாக இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, இப்புடியே எத்தினி நாளு? கையப் பாத்தா பொம்பள கை மாதிரியா இருக்கு? கார்த்திகையில வண்டி கட்டிக்கிட்டு வரேன். மாப்ளய அவங்க அக்கா வூட்ல வுட்டுடலாம். நீ வந்து நம்ம வூட்ல ஒக்காந்து சாப்புடு."

என் அக்கா ரத்தினம்மாள் உடையார்பாளையத்தில் இருக்கிறாள். என்னை வைத்துக்கொள்வாள், முணுமுணுத்துக்கொண்டே வைத்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உண்ணாமலை போனால் இந்த வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை. மாட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

போகாதே என்று அவளிடம் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவளை என்ன சுகத்தில் வைத்திருக்கிறேன், இரு என்று சொல்ல? இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அவளைத் துரத்துவது நானல்ல, இந்தத் துணிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துவைக்கிற பாடு பாதியாகக் குறைந்தால் அவள் இருந்துவிடுவாள். அதற்குச் சவுக்காரம் வேண்டும். கடையில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் காய்ச்சிவிடலாம்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. சண்டைக்கு முன்னால் பெரம்பலூரில் ஒருவர் கொட்டகை போட்டுச் சவுக்காரம் காய்ச்சினார். எங்கள் காளவாய்ச் சுண்ணாம்பு அவருக்குத்தான் போகும். வண்டியோடு நான் போனால், சுண்ணாம்பை அளந்து இறக்குகிற வரை அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பேன். உவர்மண் இரண்டு பங்கு, சுட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு. அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைத் திணித்து, இரண்டையும் கலந்து கொட்டித் தண்ணீரை ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாகக் காரத்தண்ணீர் இறங்கும். அதைக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்க வேண்டும். பதம் பார்ப்பதற்கு அவர் ஒரு கோழிமுட்டையை அதில் விடுவார். முட்டை மிதந்து, அதன் முதுகு காலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் பதம். அப்புறம் எண்ணெயை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டிப்பட்டதும் அச்சில் ஊற்றி ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டால் சவுக்காரம்.

உண்ணாமலையைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவள் அப்போதுதான் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"ஒங்க யோசனையெல்லாம் கடேசியில என் கையிலதான் வந்து விடியுது," என்றாள்.

அதுவும் பொய் இல்லை. மண் சுமப்பது அவள், தண்ணீர் இறைப்பது அவள், அடுப்பெரிப்பது அவள், கிளறுவது அவள். நான் கட்டிலில் கிடந்து மேஸ்திரி வேலை பார்ப்பேன். ஆனாலும் அவள் செய்தாள். ஏன் செய்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் எனக்குச் சாதகமாகவே தோன்றியது. இருப்பதாக முடிவு செய்துவிட்டாள், அதனால்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உவர்மண் எங்கே பூத்திருக்கிறது என்று வெள்ளைச்சாமிதான் வழி சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் களர் நிலத்தில், விடிகாலையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் எல்லாம் கரைந்துபோகும், தை மாதம் வரை கிடைக்காது. அதனால் அவசரம். நாலு நாள் நடந்து எட்டுக் கூடை சுமந்து வந்தாள். சுண்ணாம்பு நாலு கூடை என் பழைய முதலாளி சும்மாவே கொடுத்தனுப்பினார். எண்ணெய்தான் பெரிய கேள்வி. கோடையில் அவள் இலுப்பைக்கொட்டை பொறுக்கி, செக்கில் கொடுத்து ஆட்டி, ஒரு தவலை எண்ணெய் வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் வீட்டு விளக்குக்கு அதுதான் கதி. அதைக் கொடு என்றேன். தவலையை ஒரு முறை பார்த்தாள். விளக்குக்கு என்ன செய்வது என்று கேட்டாள். பொழுதோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம் என்றேன். எனக்கென்ன, எப்போதும் படுத்திருப்பவன்தானே.

முட்டையில் வந்து வண்டி நின்றுவிட்டது. புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீடு மற்ற மாதங்களில் மீன், கறி, முட்டை எல்லாம் சாப்பிடுகிற வீடுதான். ஆனால் நான் விழுந்த வருஷம் அவள் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நடக்கிற வரைக்கும் புரட்டாசியில் கவிச்சி எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வராது. பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் கோழி எங்கள் கொல்லையில் நுழைந்தால்கூட அந்த ஒரு மாதம் விரட்டுவாள்.

"பெருமாள் திங்கத்தானே கூடாதுன்னாரு? நான் மெதக்க வுடத்தானே கேக்குறேன்," என்றேன்.

"தின்னா என்ன, மெதக்க வுட்டா என்ன? வூட்டுக்குள்ள வரப்படாது."

வேண்டுதல் என் காலுக்காக. முட்டை கொண்டு வா என்றால், நான் நடக்க வேண்டாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். ஐப்பசி வரை காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. கார்த்திகையில் அய்யாக்கண்ணு வந்துவிடுவார், சவுக்காரம் ஆறவோ ஒரு மாதம் வேண்டும். அப்போதுதான் என் மேஸ்திரி மூளை வேலை செய்தது. முட்டை தண்ணீரில் முழுகும். எலுமிச்சம்பழமும் முழுகும். முட்டை காரத்தில் மிதந்தால் பழமும் மிதக்கத்தானே வேண்டும்? கிணற்றடி மரத்தில் நாட்டு எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. ஒரு பழத்தைப் பறித்துப் போடு என்றேன்.

காரத்தண்ணீர் அடுப்பேறிக் கொஞ்ச நேரத்திலேயே பழம் மிதந்துவிட்டது. முதுகும் தெரிந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று உண்ணாமலை கேட்டாள். நம்முடைய மண் நல்ல மண், நம்முடைய சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பு என்றேன். எண்ணெயை ஊற்றச் சொன்னேன். தவலை எண்ணெயும் போயிற்று. காலையிலிருந்து பொழுது சாயும் வரை புகையில் நின்று கிளறினாள். கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. நான் கட்டிலிலிருந்து, கையை நிறுத்தாதே, ஒரே பக்கமாகக் கிளறு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னை அந்தத் துடுப்பால் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

காளவாய் கட்டுவதற்குச் செங்கல் அறுத்த பழைய மர அச்சுகள் வீட்டில் கிடந்தன. அதில் ஊற்றினாள். மறுநாள் கூழாக இருந்தது. நாலாம் நாளும் கூழாகவே இருந்தது. மேலே எண்ணெய் தனியாக நின்றது. ஒரு விரலை விட்டுப் பார்த்து, அந்த விரலை என்னிடம் காட்டினாள். எண்ணெய் வழிந்தது.

ஒரு சந்தேகம் வந்து, கிணற்றுத் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டு அதே மரத்துப் பழம் ஒன்றை விடச் சொன்னேன். மிதந்தது. காரமும் இல்லை, கொதியும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீரிலேயே மிதந்தது. முட்டையின் கனம் வேறு, பழத்தின் கனம் வேறு. காரம் பாதிப் பதத்துக்குக்கூட வருவதற்கு முன்னால் நான் எண்ணெயைக் கொட்டச் சொல்லியிருக்கிறேன். என் தப்புதான் என்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வுடுங்க," என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, சாம்பல் பானையை எடுத்துக்கொண்டு துவைகல்லுக்குப் போனாள்.

விளக்கு எண்ணெய் இல்லாத அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்போம். இருட்டிய பிறகு என் துணியை அவள் தடவித் தடவித்தான் மாற்றினாள். என் பேச்சு எனக்கே பிடிக்காமல் போய் ஒரு வாரம் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் அவளே வந்து கேட்டாள், அந்தக் கூழை அப்படியே கொட்டிவிட வேண்டியதுதானா என்று. இல்லை, கெட்டிக் காரம் சேர்த்து மறுபடி காய்ச்சினால் இறுகும், பெரம்பலூர்க்காரர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன் என்றேன். நாலு கூடை உவர்மண் இன்னும் கூரைக்குக் கீழே நனையாமல் இருந்தது. சரி, ஐப்பசி பிறக்கட்டும் என்றாள்.

ஐப்பசி முதல் தேதி காலையில் குளித்துவிட்டு, செல்வம்மாளிடம் போய் ஒரு முட்டை வாங்கி வந்தாள். இந்தத் தடவை காரத்தண்ணீரை இரண்டு முறை புது மண்ணில் இறக்கினாள். சுண்டிச் சுண்டிப் பாதியாகிற வரை முட்டை அடியிலேயே கிடந்தது. உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் மேலே வந்தது. காலணா அகலத்துக்கு அதன் முதுகு தெரிந்ததும், இப்போது போடு என்று கத்தினேன். கூழை அதில் போட்டு, மறுபடி கிளறினாள். கடைசியில் உப்பைத் தூவியதும் காரம் கீழே பிரிந்து, மேலே சவுக்காரம் திரட்டாக நின்றது. அச்சில் ஊற்றி, மறுநாள் பார்த்தால் விரல் இறங்கவில்லை. கம்பியால் அறுத்து, பரண் மேல் வைக்கோலைப் பரப்பி அடுக்கினாள்.

சந்தன வாசனையெல்லாம் இல்லை. இலுப்பெண்ணெயின் கசப்பு வாடைதான். ஆனால் ஐப்பசி முடிகிற சமயத்தில் ஒன்றை எடுத்துத் துவைத்தபோது நுரை வந்தது. ஒரே ஊறலில், இரண்டு அடியில் அழுக்கு விட்டது. ஒரே அலசு. காய்ந்த துணியைக் கொண்டு வந்து என் கீழே விரித்தாள். மூத்திர வாடை இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சுத்தமான துணியில் படுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, பெரம்பலூர்க்காரர் சவுக்காரம்கூட இவ்வளவு நுரைக்காது என்று பெருமை பேசினேன். அவள் சிரித்தாள். இனி போக மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அதற்கு மூன்றாம் நாள், என்னைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அண்ணன் நாளன்னிக்கு வண்டியோட வருது. ஒங்க அக்காவுக்கும் சொல்லியனுப்பிச்சிட்டேன். மொதல்ல ஒங்கள உடையார்பாளையத்துல வுட்டுட்டு, அப்பறம் நான் திருமானூர் போறேன்."

என் முகம் சுவர் பக்கம் இருந்தது. நல்லதாகப் போயிற்று. துடைப்பதை நிறுத்தாமல், "முடியலீங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "சவுக்காரம் அத்தனையும் ஒங்க கூட வரும். ஒங்க அக்கா கையி நோவாது," என்றாள்.

அவள் ஏன் மண் சுமந்தாள், ஏன் புகையில் நின்றாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளை இருத்திவைக்க நான் காய்ச்சச் சொன்ன சவுக்காரத்தை, மனசு உறுத்தாமல் போவதற்காக அவள் காய்ச்சியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது. சரி என்றேன். அந்த இரண்டு நாளும் அவள் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டாள், அதுதான் தாங்க முடியவில்லை.

அய்யாக்கண்ணு காலையில் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் சேறு. வேட்டி முழங்கால் வரை மண். என்னைப் பார்த்து, எப்படி இருக்கீங்க மாப்ள என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். உண்ணாமலை தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று என்னுடையது, அதில் சவுக்காரம். மற்றது அவளுடையது, சின்னது.

துவைகல்லில் ஒரு துண்டுச் சவுக்காரம் இருந்தது. அய்யாக்கண்ணு அதை எடுத்து மோந்து பார்த்தார். வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றில் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினார். சேறு போய் வேட்டி வெளுத்துவிட்டது. திரும்பவும் தேய்த்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக வந்து, இதை யார் செய்தது என்று கேட்டார். உண்ணாமலை மூட்டையைக் காட்டினாள்.

"அட, இத்தினியா? இது எதுக்கு அங்க ஒடையார்பாளையத்துக்கு? ரெண்ட வச்சிட்டு மிச்சத்த நம்ம மூட்டையில போடும்மா. மலர்கொடிக்கு மார்கழியில நாளு. மேல ரெண்டு புள்ளைங்களும் இன்னும் படுக்கையில போறதுங்க. போன பிரசவத்துல தொவைக்க ஆள் இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மலர்கொடி அவர் மனைவி. மூன்றாவது பிரசவம். அய்யாக்கண்ணு மனதில் கள்ளம் எதுவும் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தங்கை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் வந்திருந்தார். தன் வீட்டுத் துணி அவர் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான்.

உண்ணாமலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அங்க யாருண்ணே தொவைக்கிறது?" என்று கேட்டாள்.

"நீதான் வரியேம்மா," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். சவுக்காரம் நாலு எடுத்து ஒரு துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். மலர்கொடிக்கு இது போதும், பிள்ளை பிறந்ததும் வந்து பார்க்கிறேன் என்றாள். அய்யாக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் கெஞ்சினார், பிறகு கோபித்தார், இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது வீணா என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சோறு போடட்டுமா என்று கேட்டாள். கடைசியில் சாப்பிட்டுவிட்டு, உச்சிப்பொழுதில் வண்டியைக் கட்டினார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டுகிற வரை நான் பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் கட்டில் கயிறெல்லாம் அறுந்துவிடும் போல இருந்தது. அவளைக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னேன். இனி எலுமிச்சம்பழ வேலையெல்லாம் செய்ய மாட்டேன் என்றேன். தை பிறந்ததும் மறுபடி காய்ச்சலாம், இன்னும் நிறையக் காய்ச்சலாம் என்றேன். அவள் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நான் முடித்த பிறகு பேசினாள்.

"நான் போவலன்னு சந்தோசப்படாதீங்க. போயி சும்மா ஒக்காரலாம்னு எங்கியாச்சும் ஒரு எடம் இருந்தா நான் போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் புண்படுத்தவும் சொல்லவில்லை. ஊர் பேர் சொல்வது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, காலையிலிருந்து சேர்ந்து கிடந்த துணியைக் கூடையில் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பினாள்.

இரண்டு வருஷமாக நான் அவளை ஆயிரம் வேலை ஏவியிருக்கிறேன். அப்போது என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உண்ணாமலை என்று கூப்பிட்டேன்.

"அத வச்சிடு. இன்னிக்கி எனக்கு ஒண்ணும் மாத்த வேணாம். தொவைக்கவும் வேணாம். படுத்துக்க."

விளையாட்டாகச் சொல்கிறேனா என்று என்னைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள். பாய்கூடப் போடவில்லை. தாழ்வாரத்துத் தரையில், அவள் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். பட்டப்பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிட்டது. வெடித்த கைகள் இரண்டும் மடங்காமல் விரிந்து கிடந்தன.

வெயில் இறங்கியது. எனக்குக் கீழே ஒரு முறை நனைந்தது. இன்னொரு முறையும் நனைந்தது. ஈரம் முதுகு வரைக்கும் ஏறிக் குளிர்ந்தது, ஈ வந்து மொய்த்தது. கொல்லை வழியாகக் கோழியைத் தேடிக்கொண்டு வந்த செல்வம்மாள் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று உண்ணாமலையை எழுப்பக் குனிந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டி அவளை அனுப்பிவிட்டேன்.